அட்லாண்டிக் சிட்டியில் வாங்கிய ஓட்டைச் சீட்டு

2006 அக்டோபரில் அமெரிக்கா போய்வந்தேன் என்று சொன்னால், விருதுநகரில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, நயாகரா பார்த்தீர்களா என்பதுதான். பார்க்கவில்லை. சுதந்திர தேவி சிலையைக்கூடத் தங்கை வீட்டு ஜன்னலிலிருந்து, அதுவும் முதுகுப்புறமாகத்தான் பார்த்தேன். நான் உருப்படியாகப் பார்த்தது சீட்டுக்கட்டு. கேட்டவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்தத் தீபாவளியைப் போல ஒரு தீபாவளி எனக்கு முன்பும் வாய்க்கவில்லை, பிறகும் வாய்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, அக்டோபர் 15, நியூவர்க்கில் இறங்கினேன். தங்கை வசந்தியும் அவள் கணவர் முரளியும் வந்திருந்தார்கள். முரளி ஒரு வங்கியில் கம்ப்யூட்டர் ஒப்பந்த வேலையில் 1998இல் ஜெர்சி சிட்டிக்கு வந்தவர். வழியெல்லாம் அவர்தான் பேசிக்கொண்டு வந்தார். வசந்தி முன்சீட்டில் உட்கார்ந்து எதிரே போன லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் வாய் ஓயாதவள் அவள். மூன்று வாரமாகப் போனில் கேட்டு வாங்கிய சாத்தூர் சேவை நான் எடுத்துக் கொடுத்தபோது, பொட்டலத்தைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிட்டாள். உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன்.

திங்கள் காலை முரளியோடு ரயில் நிலையம் வரை நடந்தேன். ஹட்சனுக்கு அடியில் ஓடி மன்ஹாட்டனில் முளைக்கும் ரயில் அது. நடைபாதையில் வேகமாக நடப்பவர்கள் எல்லோருமே கையில் மூடி போட்ட காப்பிக் கோப்பை வைத்திருந்தார்கள். நம் ஊரில் காப்பியை நின்று குடிப்போம், நடந்து குடிப்பதில்லை.

"மச்சான், அவ வாயத் திறக்க மாட்டா, நானே சொல்லிடறேன்" என்றார் முரளி. "சனிக்கிழமை ரம்மியில ஒரு பிராப்ளம் ஆயிடுச்சு."

நியூபோர்ட் பகுதியின் உயரமான கட்டடங்களில் வாழும் எட்டுத் தமிழ்க் குடும்பங்கள் சனிக்கிழமைதோறும் பதின்மூன்று சீட்டு ரம்மி ஆடுகிறார்கள். காசு வைப்பதில்லை. தீபாவளிக்கு மட்டும் போட்டி. பரிசு, கோயம்புத்தூரிலிருந்து யாராவது சுமந்துவரும் மாவரைக்கும் கிரைண்டர். கடந்த இரண்டு தீபாவளியும் வசந்திதான் ஜெயித்தாள். அவள் வீட்டில் இரண்டு கிரைண்டர், ஒன்று இன்னும் அட்டைப்பெட்டியில்.

கூட்டத்தில் சுந்தர் என்று ஒருவர். முப்பத்தைந்து வயதிருக்கும். சாப்ட்வேரில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் அவருக்கு வேலை. போன சனிக்கிழமை, ஆட்டம் தொடங்குமுன், வசந்தி கொண்டுவந்த இரண்டு கட்டுகளையும் பெட்டியிலிருந்து எடுத்து விளக்கடியில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்திருக்கிறார். சீட்டின் முதுகு முழுக்கச் சின்னச் சின்னப் பூக்கள். தொழிற்சாலையில் கொஞ்சம் தள்ளி வெட்டியிருக்கிறார்கள். ஒரு ஓரத்தில் முழுப் பூ, எதிர் ஓரத்தில் அரைப் பூ. சீட்டைத் தலைகீழாக்கினால் ஓரமும் மாறும்.

"கலந்துதானே இருக்கணும் மச்சான்? இல்ல. ஏழு, அஞ்சு, மூணு, ஏஸ்னு நிறைய சீட்டு ஒரே பக்கமா நிக்குது. யாரோ பார்த்துப் பார்த்துத் திருப்பி வெச்சிருக்காங்க. எதிராளி கையில என்ன இருக்குன்னு முதுகைப் பார்த்தே பாதி சொல்லிடலாம். சுந்தர் எல்லார் முன்னாடியும், 'இந்தக் கட்டை அடுக்கினது யாரு?'ன்னு கேட்டான். இவ உடனே 'நான்தான்'னா."

"ஆமா, எதையும் அடுக்காம விட மாட்டாளே அவ?"

"அதேதான். ஆட்டம் முடிஞ்சதும் சூட் வாரியா, இஸ்பேட் தனி, ஆர்ட்டின் தனின்னு அடுக்கிப் பெட்டியில போடறது இவதான். அதைத்தான் சொன்னா. அது கன்ஃபெஷன் ஆயிடுச்சு. இந்த வருஷம் நீங்க ஆட வேண்டாம்னு சொல்லிட்டாங்க. சுந்தர் கட்டை எடுத்துட்டுப் போயிட்டான், எவிடென்ஸாம்."

ரயில் வந்தது. முரளி ஏறிப் போய்விட்டார். நான் திரும்பி நடந்தேன். வசந்தி பள்ளியில் படிக்கும்போது பக்கத்துப் பெண்ணின் ரப்பரைக்கூடக் கேட்காமல் எடுத்தவளில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அது எனக்குத் தெரிந்து என்ன பயன்? சீட்டுகள் ஒரே பக்கமாக நிற்கின்றன. அதையும் இல்லையென்று சொல்ல முடியாது.

செவ்வாய்க்கிழமை அவளை வற்புறுத்தி ஜர்னல் சதுக்கத்துக்குப் பக்கத்து இந்தியக் கடைத் தெருவுக்குக் கூட்டிப்போனேன். தீபாவளிக்கு முந்தைய வாரம். குஜராத்திக் கடைகளில் இனிப்பு மலைமலையாகக் குவிந்திருந்தது. உறைந்த முருங்கைக்காய், உறைந்த வெண்டைக்காய், ஏன், உறைந்த புரோட்டாகூட இருந்தது. விருதுநகர்க்காரனுக்கு உறைந்த புரோட்டாவைக் காட்டுவது கடற்கரையில் உப்பு விற்பது போல. மளிகை வரிசையில் இரண்டு தமிழ்ப் பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

"ஹாய் வசந்தி, எப்படி இருக்கீங்க?" என்றாள் ஒருத்தி. பதிலுக்குக் காத்திராமல் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு போனாள். அடுத்த வரிசையிலிருந்து அவள் குரல் கேட்டது: "பார்த்தா அப்படித் தெரியவே தெரியாதுல்ல?"

வசந்தி கையிலிருந்த கடலைமாவுப் பொட்டலத்தை எடுத்த இடத்திலேயே, நேராக, மற்ற பொட்டலங்களோடு ஒட்டி வைத்தாள். "போலாம்ணே" என்றாள்.

அன்று சாயங்காலம் முரளிதான் ரவீந்திரனின் பேச்சை எடுத்தார். யாழ்ப்பாணத்துக்காரர். கோயிலில் பழக்கம். அட்லாண்டிக் சிட்டியில் ஒரு சூதாட்ட விடுதியில் பல வருடமாகச் சீட்டுப் போட்டு, இப்போது மேசைகளை மேற்பார்க்கிறவர். வரச்சொல்லி வெகுநாளாகக் கூப்பிடுகிறாராம்.

"சீட்டையே தொட மாட்டேன்னு உட்கார்ந்திருக்கேன், என்னைக் காசினோவுக்குக் கூட்டிட்டுப் போறீங்களாக்கும்!" என்றாள் வசந்தி. வந்த மூன்றாம் நாளில் அவள் குரல் உயர்ந்ததை அப்போதுதான் கேட்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"களவு பிடிக்கிறதே தொழிலா இருக்கிறவர்மா. இதைப் பார்த்தா என்ன சொல்வார்னு கேட்போமே" என்றேன்.

வியாழன் காலை, முரளி வேலைக்குப் போக, நானும் அரை மனதோடு வசந்தியும் பஸ் ஏறினோம். சூதாட்ட விடுதிகள் ஆட்களைக் கூட்டிவர விடும் பஸ் அது. பயணிகளில் பெரும்பாலோர் என்னைவிட மூத்தவர்கள். நம் ஊரில் இந்த வயதினர் இவ்வளவு உற்சாகமாக ஏறும் பஸ் பழனிக்கோ மேல்மருவத்தூருக்கோ போகும். முன்சீட்டில் இரண்டு பாட்டிமார் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டதைத் தமிழில் தருகிறேன்.

"மூலையில் இருக்கும் அந்தச் சூதாட்ட மெஷினிடம் போகாதே. போன வாரம்தான் ஒருத்தன் கறந்துவிட்டுப் போனான்."

"கறந்தால் என்ன? மாடு என்றால் மறுபடி சுரக்காதா?"

"சுரக்கும். நீ இருக்கும்போது உதைக்கும்."

பாதி வழியில், இருபுறமும் ஊசியிலைக் காடாக இருந்த இடத்தில் பஸ் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி டயரைச் சுற்றிவந்து, கையை விரித்தார். வேறு பஸ் வரும்வரை எல்லோரும் சாலையோரப் புல்லில் நின்றோம். நம் ஊராயிருந்தால் அதற்குள் நாலு பேர் ஜாக்கியைக் கையிலெடுத்திருப்பார்கள். இங்கே யாரும் டயர் பக்கம்கூடப் போகவில்லை. சீனப் பெண்மணி ஒருவர் பையிலிருந்து வறுத்த சூரியகாந்தி விதை எடுத்து எங்களுக்கும் கொடுத்தார். வசந்தி எலுமிச்சைச் சாதம் கொடுத்தாள். அவர் ஒரு கவளம் சாப்பிட்டு, பச்சை மிளகாயைக் கடித்து, கண்ணில் நீர் வர, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். வசந்தி சிரித்தாள்.

மாற்றுப் பஸ் எங்களை வேறொரு விடுதியின் வாசலில் இறக்கிவிட்டது. ரவீந்திரன் வேலை செய்யும் இடம் கடற்கரை நடைபாதையின் மறுகோடி. நடைபாதை முழுக்கப் பலகை. ஒரு பக்கம் அட்லாண்டிக் பெருங்கடல், மறுபக்கம் அரண்மனை மாதிரிச் சூதாட்டக் கூடங்கள். 1978இல்தான் இங்கே முதல் கூடம் திறந்தது என்று படித்திருந்தேன். அதற்கு முன் இது வெறும் கடற்காற்று வாங்கும் ஊர். சக்கர நாற்காலி போன்ற வண்டியில் ஆட்களை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். வசந்தி கட்டிக்கொண்டுவந்ததில் மிச்சமிருந்த ஒரு வடையை நான் கையில் எடுத்தேன். தோளுக்கு மேலிருந்து ஒரு கடற்பறவை வந்து முழு வடையையும் கொண்டுபோனது. ராமேஸ்வரத்துக் காக்கை இவ்வளவு துணியாது.

ரவீந்திரன் ஐம்பது வயதுக்காரர். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கோட்டு. அன்றைய வேலை முடிந்து வாசலில் காத்திருந்தார்.

"வாங்கோ அண்ணை, வாங்கோ தங்கச்சி. பஸ் நிண்டு போச்சுதாமே? அது வழமைதான். வரேக்கை பஸ் டயர் இல்லாமல் நிக்கும், போகேக்கை சனம் காசில்லாமல் நிக்கும்."

உள்ளே கூட்டிப்போனார். நாங்கள் விளையாடவில்லை. மேசைகளுக்குச் சற்றுத் தள்ளி, வேடிக்கை பார்ப்பவர்களோடு நின்றோம். கூரையெங்கும் கறுப்புக் கண்ணாடி அரைக்கோளங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு காமிரா. நான் கூரையைப் பார்த்ததைக் கவனித்த ரவீந்திரன், "மேலை பாக்காதேங்கோ, கீழை பாருங்கோ. முதல் காவல்காரன் சீட்டுத்தான்" என்றார்.

ஒரு மேசையில் புதுக்கட்டுப் பிரித்தார்கள். சீட்டுப் போடும் பெண் எல்லாவற்றையும் முகம் மேலாக விசிறியாக விரித்தாள். பிறகு முதுகு மேலாக விரித்தாள். பிறகு மேசையில் பரப்பி இரண்டு கையாலும், அம்மியில் மசாலா தள்ளுவது போல வட்டமாகத் தேய்த்துக் கலந்தாள்.

"முதுகிலை சின்னக் கோலம் நெருக்கமா இருக்கு, பாத்தியளே?" ரவீந்திரன் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டு வந்தார். "நெருக்கமா ஒரே மாதிரி இருந்தால்தான் ஒருத்தன் நகத்தாலை கீறினாலும், மைப்புள்ளி வைச்சாலும் கண்ணிலை படும். கட்டைப் பிடிச்சுச் சரசரவெண்டு விட்டால், கோலம் அசையாது, அந்தப் புள்ளி மட்டும் துள்ளும். நடுவிலை எங்கட விடுதியின்ரை அடையாளம். வெளியிலையிருந்து சீட்டுக் கொண்டந்து செருகேலாது. ரண்டு தாளுக்கு நடுவிலை கறுப்புப் பசை, வெளிச்சத்திலை பிடிச்சாலும் மற்றப் பக்கம் தெரியாது. சுத்திவர வெள்ளைக் கரை. வெட்டேக்கை கொஞ்சம் தள்ளிப் போனால் கரை ஒரு பக்கம் தடிக்கும், அந்தக் கட்டு மேசைக்கு வராது. கரையில்லாத சீட்டு வைச்சிருக்கிற இடமும் இருக்கு. அவையள் வேறை வழியிலை பாப்பினம்."

கட்டின் அடியில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் அட்டை கிடந்தது. கடைசிச் சீட்டின் முகம் யாருக்கும் தெரியாமலிருக்க. எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. கோட்டை மதில்களைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன். அகழி, கொத்தளம், திட்டிவாசல் என்று ஒரு கோட்டைக்கு என்னென்ன உண்டோ அவ்வளவும் உள்ளங்கையளவு அட்டைக்கும் இருந்தது.

அங்கேயே ஒரு கடையில் பழைய சீட்டுக்கட்டுகளை விற்றார்கள். மேசைக்கு வந்த கட்டுக்குச் சீக்கிரமே ஓய்வு கொடுத்து, நடுவில் பொட்டளவு துளையிட்டுவிடுவார்களாம். யாரும் வெளியே வாங்கி உள்ளே கொண்டுவரக் கூடாதல்லவா? துளையோடு அது வெறும் ஞாபகப் பொருள். இரண்டு கட்டு வாங்கினேன்.

பக்கத்துக் காப்பிக் கடையில் உட்கார்ந்தோம். நான் நடந்த கதையைச் சொன்னேன். வசந்தி தலையைக் குனிந்து ஓட்டைச் சீட்டுகளைப் பிரித்துக் கையில் விரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு பக்கம் பார்த்து அடுக்கிறது பழைய களவு" என்றார் ரவீந்திரன். "அதுக்குத்தான் நாங்கள் கலைக்கேக்கை பாதிக்கட்டைச் சுத்தித் திருப்பிப்போட்டுக் கலைக்கிறது. எவ்வளவு மினக்கெட்டு அடுக்கியிருந்தாலும் ஒரு திருப்பிலை போச்சு. தங்கச்சி, கோவியாதேங்கோ. கட்டைக் காட்டி என்னட்டைக் கேட்டிருந்தால் நானும் களவெண்டுதான் சொல்லியிருப்பன்."

வசந்தி சீட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சீட்டாடத் தெரியாதவனுக்கு அதுதான் வேலை. எங்கள் ஊர் மனமகிழ் மன்றத்திலும் நான் ஆட்டத்தை அல்ல, கைகளைத்தான் பார்ப்பேன். வசந்தி ஒரு சீட்டை எடுத்தாள், பார்த்தாள், கீழ்மேலாகத் திருப்பிச் செருகினாள். அடுத்ததைத் திருப்பாமலே செருகினாள். அடுத்ததைத் திருப்பினாள்.

"ஏம்மா, அதை ஏன் திருப்பினே?"

"எதை?"

"அந்த ஆர்ட்டின் ஏழை."

அவள் சீட்டைப் பார்த்தாள். "தலைகீழா இருந்துச்சுண்ணே. பாதிக்கு மேல ஆர்ட்டின் கவுந்து கிடந்துச்சு."

"சரி, இந்த டைமண்ட் அஞ்சை ஏன் திருப்பலை?"

"டைமண்டுக்கு ஏதுண்ணே தலையும் காலும்? எப்படி வெச்சாலும் ஒண்ணுதானே?" என்று சொல்லிக்கொண்டே அடுத்த சீட்டை எடுத்துத் திருப்பினாள். அது டைமண்ட் ஏழு. "இது மட்டும்தான் விதிவிலக்கு. முகத்துல, நடுவுல இருக்கிற ஒத்தை டைமண்ட் மேல இருக்கணும்."

ரவீந்திரன் காப்பிக் கோப்பையை மேசையில் வைத்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வசந்தியைப் பார்த்தோம்.

"என்னண்ணே?" என்றாள் அவள்.

சொன்னேன். இஸ்பேட், ஆர்ட்டின், கிளாவர் மூன்றுக்கும் தலை கால் உண்டு. மூன்று, ஐந்து, ஏழு போன்ற சீட்டுகளின் முகத்தில் நிமிர்ந்த சின்னம் அதிகம், கவிழ்ந்த சின்னம் குறைவு. அவற்றையெல்லாம் அவள் தன்னையறியாமல் நிமிர்த்திவிடுகிறாள். இரண்டு, நான்கு, பத்து, ராஜா, ராணி, ஜாக்கி எல்லாம் எப்படிப் பிடித்தாலும் ஒன்றே, அவற்றைத் தொடுவதில்லை. வேட்டியை நுனி நுனியோடு சேர்த்து மடிக்கிறவள், பொட்டலத்தைக் கடையில் நேராக வைக்கிறவள், சீட்டை எப்படித் தலைகீழாகப் பெட்டியில் போடுவாள்? வேறு கட்டாயிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திராது. அந்தக் கட்டு தள்ளி வெட்டப்பட்டது, அதனால் அவளுடைய சுத்தம் முதுகில் தெரிந்துவிட்டது.

"அப்ப நான்தான் அடுக்கியிருக்கேனா?" வசந்தி கையிலிருந்த சீட்டைக் கீழே வைத்தாள்.

"ஓம், நீங்கள்தான்" என்றார் ரவீந்திரன். பிறகு மேசையில் ஓங்கித் தட்டினார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஆனால் களவெடுக்கிறவன் டைமண்டை விடுவானோ? ராஜா ராணியை விடுவானோ? முப்பது வருஷம் தேடினாலும் அப்பிடி ஒரு மடைக் கள்ளன் கிடையான்!"

திரும்பும் பஸ்ஸில் வசந்தி ஓயாமல் பேசினாள். எனக்குத் தூக்கம் வந்தும் அவள் விடவில்லை.

வெள்ளிக்கிழமை வீட்டில் வாக்குவாதம். முரளிக்குப் பயம். "விட்டுடுங்க மச்சான். எல்லாரும் தினம் மூஞ்சியைப் பார்க்க வேண்டியவங்க. நாம போய் அவன் கிட்டயிருக்கிற கட்டைப் பிரிச்சு, நீங்க சொன்ன மாதிரி இல்லைன்னா? அப்புறம் வேற ஊருக்குத்தான் வேலை தேடணும். டெக்சாஸ்ல காப்பெல்னு ஒரு ஊர், அங்க என் ஃபிரெண்ட் இருக்கான், போயிடலாம்."

"நான் எதுக்கு டெக்சாஸ் போகணும்?" என்றாள் வசந்தி. "அண்ணே சொன்ன மாதிரி இல்லைன்னா நான் ஏமாத்தினவன்னே இருந்துட்டுப் போறேன். நாளைக்குப் போறோம்." சாத்தூர் சேவுப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள்.

அக்டோபர் 21, சனிக்கிழமை, தீபாவளி. நியூஜெர்சியில் கம்பி மத்தாப்புக்குக்கூடத் தடை. சிவகாசிக்கு அடுத்த ஊர்க்காரனான நான், வாழ்க்கையில் முதன்முறையாகத் தீபாவளியன்று குருவி கத்துவதைக் கேட்டு எழுந்தேன். எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். வசந்தி வடையும் வெள்ளைப் பணியாரமும் சுட்டாள். மத்தியானம் கட்டடத்தின் பொதுக்கூடத்துக்குப் போனோம். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஹட்சன் ஆறும் மன்ஹாட்டனும் வெயிலில் பளபளத்தன.

எங்களைக் கண்டதும் கூடத்தில் சத்தம் குறைந்தது. சுந்தர் எழுந்து வந்தார்.

"ஹாப்பி தீபாவளி அங்கிள்" என்றார் என்னிடம். வசந்தியைப் பார்க்காமல், "ஆடறதைப் பத்தி ஆல்ரெடி பேசிட்டோமே முரளி…" என்று இழுத்தார்.

"தம்பி, உங்ககிட்ட இருக்கிற கட்டைக் கொண்டுவாங்க. நான் தொட மாட்டேன். நீங்களே எடுங்க, நீங்களே பாருங்க" என்றேன்.

அவர் வீடு அதே கட்டடம்தான். கொண்டுவந்தார். அன்றிலிருந்து பெட்டியைத் திறக்கவே இல்லை என்று சொன்னார். நான் கேட்டபடியே, முகத்தைப் பார்க்காமல், முதுகைமட்டும் பார்த்து இரண்டு கும்பலாகப் பிரித்தார். இடது ஓரத்தில் முழுப் பூ ஒரு கும்பல், அரைப் பூ இன்னொரு கும்பல். எல்லோரும் சுற்றி நின்றார்கள். மளிகைக் கடையில் 'ஹாய்' சொல்லிப்போன பெண்ணும் இருந்தாள்.

"இப்ப நான் சொல்றேன், நீங்க திருப்பிப் பாருங்க" என்று நான் ஆரம்பித்தேன். வசந்தி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நானே சொல்றேன்ணே." மேசையருகே வந்தாள். "சுந்தர், இஸ்பேட் ஏழு, ஆர்ட்டின் ஏழு, கிளாவர் ஏழு எல்லாம் ஒரே கும்பல்ல இருக்கும். மூணு, அஞ்சு, ஒம்பதும் அப்படித்தான். ராஜா, ராணி, ஜாக்கி ரெண்டு கும்பல்லயும் கலந்து கிடக்கும். டைமண்ட் மொத்தமும் கலந்து கிடக்கும். டைமண்ட் ஏழு மட்டும், ரெண்டு கட்டு ஏழும், மத்த ஏழுங்களோட இருக்கும்."

சுந்தர் முதல் கும்பலைத் திருப்பினார். விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளினார். இரண்டாவது கும்பலைத் திருப்பினார். யாரோ "ஏய், ராணி இங்கயும் இருக்கு, அங்கயும் இருக்கு" என்றார்கள். டைமண்ட் ஏஸ் ஒன்று இந்தக் கும்பலில், இன்னொன்று அந்தக் கும்பலில். இரண்டு டைமண்ட் ஏழும் மற்ற ஏழுகள் இருந்த கும்பலிலேயே கிடந்தன.

சுந்தர் ஒரு ஆர்ட்டின் ஏழை எடுத்துத் தலைகீழாகப் பிடித்தார், நேராகப் பிடித்தார். டைமண்ட் ஐந்தை எடுத்து அதையே செய்தார். தொழில்காரர் அல்லவா? அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"நிமிர்த்தி வெச்சிருக்கீங்க" என்றார். "அவ்ளோதான். சும்மா நிமிர்த்தி வெச்சிருக்கீங்க." பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "ஏமாத்தறவங்க டைமண்டை விட்டுவெக்க மாட்டாங்கப்பா. நான் அன்னிக்குப் பாதிச் சீட்டுதான் செக் பண்ணேன். மீதியைப் பார்க்காமலே 'பக்'னு, தப்புன்னு, ரிப்போர்ட் போட்டுட்டேன். தப்பு என்னுது. சாரி அக்கா."

"சரி, வேணும்னு பண்ணலை. ஆனா தெரியாமலே அது ஹெல்ப் பண்ணியிருக்கலாம்ல?" என்றாள் மளிகைக் கடைப் பெண்.

நியாயமான கேள்விதான். வசந்தி அவளைப் பார்த்துச் சிரித்தாள். "பண்ணியிருக்கலாம். அப்ப வேற சீட்டுல ஆடுவோம்" என்று ஓட்டைச் சீட்டுக்கட்டுகளை எடுத்து மேசையில் வைத்தாள். ரவீந்திரன் சொன்ன வெள்ளைக் கரை, நெருக்கக் கோலம், கறுப்புப் பசை எல்லாவற்றையும் நான் எடுத்துச் சொன்னேன். கொஞ்சம் நீளமாகவே சொன்னேன் போலிருக்கிறது. "அங்கிள், லெக்சர் அப்புறம், வடை ஆறுது" என்று யாரோ கத்த, கூடமே சிரித்தது. கலைக்கும்போது பாதிக்கட்டைத் திருப்ப வேண்டும் என்ற விதியை அன்றே போட்டார்கள்.

போட்டி ஆரம்பித்தது. சீட்டின் நடுவில் ஓட்டை இருப்பதால் ஒருவர் கையை இன்னொருவர் ஓட்டைவழிப் பார்ப்பதாகக் கேலி. முரளி முதல் சுற்றிலேயே வெளியேறினார். "எனக்கு எந்தச் சீட்டும் ஹெல்ப் பண்ணாது மச்சான்" என்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பணியாரம் சாப்பிட்டார். ஒவ்வொருவராக விழுந்தார்கள். கடைசியில் மேசையில் மிஞ்சியது வசந்தியும் சுந்தரும்.

சுந்தர் நல்ல ஆட்டக்காரர். அவசரப்படவில்லை. வசந்தி வழக்கம்போல ஒவ்வொரு சீட்டையும் எடுத்து, தலைகீழாக இருந்தால் நிமிர்த்திச் செருகினாள். இப்போது எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் நிமிர்த்தும்போதெல்லாம் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு எழுந்தது. அவள் கவனிக்கவில்லை. சுந்தர் ஒரு கிளாவர் ஒன்பதைப் போட்டார். வசந்தி அதை எடுத்தாள், திருப்பினாள், செருகினாள். ஒரு சீட்டைக் கவிழ்த்து வைத்து, "டிக்ளேர்" என்றாள்.

பதின்மூன்று சீட்டையும் மேசையில் விரித்தாள். மூன்று வரிசை, ஒரு செட். சுந்தர் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். பிறகு தன் கையை விரித்துக் காட்டினார். ஒரு வரிசைகூடச் சேரவில்லை. ஃபுல் கவுண்ட், கையிலிருந்த அத்தனை புள்ளியும் அவர் தலையில். கூடம் முழுக்கக் கைதட்டல். முரளி என் தோளைப் பிடித்து உலுக்கியதில் என் கண்ணாடி கழன்று பணியாரத்தட்டில் விழுந்தது.

மளிகைக் கடைப் பெண் வசந்தியின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இன்னொரு கேம் ஆடலாமா? சும்மா, பிரைஸ் இல்லாம?"

சுந்தர் மேசையில் கிடந்த சீட்டுகளை வாரிச் சேர்த்தார். சரியாக அடுக்காமல், ஏடாகூடமாக, இரண்டு கையாலும் எடுத்து வசந்தியின் முன்னால் தள்ளினார்.

"அக்கா, நீங்களே கலைச்சுப் போடுங்க."